விம் எடிட்டரின் அண்டூ: பின்னால் போனாலும் முன்னால் இருந்தது அழியாது

அண்டூ நம்மைக் காப்பாற்ற வந்த வசதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் கம்ப்யூட்டரில் நிறைய எழுதுகிறவர் யாரைக் கேட்டாலும், அண்டூ அழுத்தியதாலேயே எதையோ தொலைத்த கதை ஒன்று அவரிடம் இருக்கும். நடப்பது பெரும்பாலும் இதுதான்: நாற்பது மாற்றம் செய்தாகிவிட்டது, முன்பு நீக்கிய ஒரு பத்தி திரும்பத் தேவைப்படுகிறது, கன்ட்ரோல் இசட்டை விடாமல் அழுத்திக்கொண்டே பின்னால் போகிறோம், பத்தி கண்ணில் பட்டதும் அதைக் காப்பி செய்கிறோம், இனி ரீடூ அழுத்தி முன்னால் வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த நேரத்தில் சி விசைக்குப் பக்கத்தில் இருக்கும் வி-யில் விரல் பட்டுவிட்டால், அல்லது ஸ்பேஸ் பாரில் கை பட்டு ஒரே ஒரு இடைவெளி விழுந்துவிட்டால், அந்த நாற்பது மாற்றமும் போய்விட்டது. ரீடூ பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, "நிச்சயமாகவா?" என்ற கேள்வியும் வராது.

இது பழுது இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான மென்பொருட்கள் அண்டூவுக்கு ஒரு அடுக்கு, ரீடூவுக்கு ஒரு அடுக்கு என்று இரண்டு வைத்துக்கொள்ளும். அண்டூ அழுத்தும்போது ஒரு மாற்றம் முதல் அடுக்கில் இருந்து இரண்டாவதுக்குப் போகும், ரீடூ அழுத்தினால் திரும்ப வரும். நடுவில் புதிதாக ஒரு மாற்றம் செய்தால், ரீடூ அடுக்கில் இருப்பது இனி பொருந்தாது என்று அதை மொத்தமாகக் காலி செய்துவிடும். எழுதுவதற்கு எளிய நிரல், அதனால் எல்லோரும் இதையே செய்கிறார்கள். பயனருக்கு என்ன ஆகிறது என்று யோசித்துச் செய்த முடிவாக எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு ஃபைலை நீக்கினால் ரீசைக்கிள் பின்னில் போட்டு வைக்கிற அதே கம்ப்யூட்டரில், ஒரு மணி நேர எழுத்தை ஒரு ஸ்பேஸுக்காகத் தூக்கி எறிவது எந்த நியாயத்தில் சேரும்?

அதனால்தான் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் பற்றி எழுதுகிறேன். அதில் எழுதும் நிலை ஒன்று, விசைகளே கட்டளைகளாக வேலை செய்யும் நிலை இன்னொன்று. விம் கற்றுக்கொள்வது கஷ்டம், அதில் இருந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள் என்கிற பேச்செல்லாம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை நான் இங்கே எடுக்கவில்லை. அதன் அண்டூவை மட்டும் ஒரு பொருளாக எடுத்து, எது நன்றாக இருக்கிறது, எங்கே இன்னும் ஓட்டை இருக்கிறது, எதை நீங்களே போய்த் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். நான் கோடும் எழுதுகிறேன், நீண்ட ஆவணங்களும் எழுதுகிறேன், இரண்டுக்கும் விம் பயன்படுத்துகிறேன். வேறு எடிட்டர்களும் வேலை காரணமாக எப்போதும் திறந்திருக்கும், அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

1976-ல் பில் ஜாய் எழுதிய பழைய வி எடிட்டரில் அண்டூ ஒரே ஒரு படிதான். சின்ன யு அழுத்தினால் கடைசி மாற்றம் போகும், இன்னொரு முறை அழுத்தினால் அதே மாற்றம் திரும்ப வரும், அவ்வளவுதான். பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட விம், பின்னால் பல படி அண்டூவைக் கொண்டுவந்தது. உண்மையான திருப்பம் 2006-ல் வெளிவந்த 7.0 பதிப்பு. அதில்தான் அண்டூ ஒற்றைக் கோடாக இருந்தது போய் மரமானது. பின்னால் போய்ப் புதிதாக ஒன்றை எழுதினால் பழைய கிளை வெட்டப்படாது, பக்கத்தில் புதுக் கிளை ஒன்று முளைக்கும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். 2010-ல் வந்த 7.3 பதிப்பு இந்த மரத்தை டிஸ்கில் சேமித்து வைக்கவும் கற்றுக்கொண்டது, அதாவது ஃபைலை மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் நேற்றைய அண்டூ அப்படியே இருக்கும்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஒரு பத்தி எழுதுகிறீர்கள். பிடிக்கவில்லை, யு அழுத்தி நீக்கிவிட்டு அதே இடத்தில் வேறு மாதிரி எழுதுகிறீர்கள். வேறு எடிட்டராக இருந்தால் முதலில் எழுதிய பத்தி உலகத்திலேயே இல்லை. விம்மில், இரண்டாவது பத்தியில் நிற்கும்போது யு அழுத்தினால் அதுவும் போய் வெறும் இடம் வரும், கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் இரண்டாவது பத்தி திரும்பும். இதுவரை எல்லா எடிட்டரும் செய்வதுதான். ஆனால் இரண்டாவது பத்தியில் நின்றுகொண்டு ஜி, மைனஸ் என்று இரண்டு விசை தட்டினால் முதல் பத்தி கண்முன்னே வந்து நிற்கும். ஜி, பிளஸ் தட்டினால் மறுபடி இரண்டாவது. இந்த இரண்டு கட்டளையும் கிளைகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஃபைல் எந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போகும். கன்ட்ரோல் ஆர் வேலை செய்யவில்லையே, எல்லாம் போச்சே என்று கையைப் பிசைகிற நேரத்தில் இந்த ஜி மைனஸ் ஒன்று தெரிந்திருந்தால் போதும். பல வருடமாக விம் பயன்படுத்துகிறவர்களில்கூட இது தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தொலைந்தது என்று அவர்கள் விட்டுவிட்ட பலதும் தொலையவே இல்லை, ஃபைல் மூடும் வரை அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்புறம் எர்லியர், லேட்டர் என்று இரண்டு கட்டளை. கோலன் போட்டு எர்லியர் 10எம் என்று கொடுத்தால் பத்து நிமிடத்துக்கு முன் ஃபைல் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குப் போகும். எம் என்பது நிமிடம், எஸ் வினாடி, எச் மணி, டி நாள். எத்தனை மாற்றம் செய்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் "சாப்பிடப் போகும் முன்னால் சரியாகத்தான் இருந்தது" என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்கிற விதத்துக்கு ஏற்றபடி ஒரு கட்டளை அமைவது அபூர்வம், இது அப்படிப்பட்டது.

இதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எஃப். எர்லியர் 1எஃப் என்று கொடுத்தால் கடைசியாகச் சேவ் செய்த நிலைக்குப் போகும்; சேவ் செய்த பிறகு எதுவும் மாற்றவில்லை என்றால் அதற்கு முந்தைய சேவுக்குப் போகும். லேட்டர் 1எஃப் அதன் மறுபக்கம். கண்மூடித்தனமாக யு அழுத்தி எங்கோ போய்விட்டவர் முன்னால் வந்து சேர இதைவிட நேரான வழி இல்லை.

யு அழுத்தும் ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் ஒரு வரி வரும்: எத்தனை வரி குறைந்தது, எத்தனை கூடியது, எந்த எண்ணுள்ள மாற்றத்துக்கு முன்னால் நிற்கிறோம், அந்த மாற்றம் எப்போது செய்தது. கர்சரும் மாற்றம் நடந்த இடத்துக்கே போய் நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் திரைக்கு வெளியே எங்கோ ஒன்று மாறிவிட்டு நமக்குத் தெரியாமலே போவதுதான் அண்டூவின் மோசமான விபத்து, அதை இந்த ஒரு வரி தடுக்கிறது. அந்த வரியைப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், நேரம் திடீரென்று நேற்றைய தேதிக்குத் தாவினால் கையை எடுத்துவிடலாம்.

மரத்தைப் படமாகப் பார்க்க விம்முக்குள்ளே இருக்கும் வசதி போதாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அண்டூலிஸ்ட் என்று கட்டளை இருக்கிறது, அது ஒவ்வொரு கிளையின் நுனியையும் எண், மாற்றங்களின் எண்ணிக்கை, நேரம், சேவ் ஆனதா என்று ஒரு பட்டியலாகக் காட்டும், எந்தக் கிளையில் நம் பத்தி இருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. இதற்காகத்தான் அண்டூட்ரீ என்ற பிளகின், அதாவது விம்மோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். இடது பக்கம் மரம் விரியும், மேலே கீழே நகர நகர ஃபைல் அந்தந்த நிலைக்கு மாறிக்கொண்டே வரும், கீழே ஒரு சின்னப் பகுதியில் அந்த மாற்றத்தில் என்ன கூடியது, என்ன போனது என்று வித்தியாசம் தெரியும். சேவ் செய்த நிலைகளுக்குப் பக்கத்தில் எஸ் என்று குறியிருக்கும். முழுக்க விம்மின் சொந்த நிரல் மொழியான விம் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதியது என்பதால் கம்ப்யூட்டரில் பைதான் மொழி இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்ற தொல்லை இல்லை; இதற்கு முன் பிரபலமாக இருந்த குண்டோ பிளகினுக்குப் பைதான் தேவைப்பட்டது. குறை என்று பார்த்தால், பெரிய ஃபைலில் நாள் முழுக்க வேலை செய்த பிறகு மரம் மிக நீளமாகிவிடும், அதில் கண்ணால்தான் தேட வேண்டும். குண்டோவில் இருந்து கிளைத்து வந்த முண்டோ பிளகினில் பழைய மாற்றங்களுக்குள் ஒரு சொல்லைத் தேடும் வசதி இருக்கிறது, அடிக்கடி பழைய வரைவுகளைத் தோண்டுகிறவர்கள் அதைப் பார்க்கலாம். எனக்கு அண்டூட்ரீயே போதுமாக இருக்கிறது.

இப்போது பெரிய புகார். டிஸ்கில் சேமிக்கும் வசதி வந்து இத்தனை வருடம் ஆகியும் அது தானாக இயங்குவதில்லை. அண்டூஃபைல் என்ற ஆப்ஷனை, அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் நீங்களே எழுதித் திறக்க வேண்டும். விம்மிலும் அப்படித்தான், அதில் இருந்து பிரிந்த நியோவிம்மிலும் அப்படித்தான். இவ்வளவு நல்ல பாதுகாப்பைச் செய்து வைத்துவிட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைத் திறந்த பிறகும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது, நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். சும்மா திறந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் புள்ளியில் தொடங்கி அலைக்குறியில் முடியும் ஒரு மறைவு ஃபைல் உருவாகும், எல்லா ஃபோல்டரும் குப்பையாகும். அதனால் அண்டூடிர் என்ற ஆப்ஷனில் ஒரு தனி ஃபோல்டரைச் சொல்லச் சொல்வார்கள். சொன்னால் மட்டும் போதாது, விம்மில் அந்த ஃபோல்டரை நீங்கள் முதலில் உருவாக்கியிருக்க வேண்டும். விம் அதை உருவாக்காது, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் சொல்லாது, எழுத இடம் இல்லாததால் எதையும் எழுதாமல் இருந்துவிடும். எல்லாம் சேமிக்கப்படுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், தேவைப்படும் நாளில் ஒன்றுமே இருக்காது. கான்ஃபிக் எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிச் சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்து யு அழுத்திப் பாருங்கள். வரி போனால் வேலை செய்கிறது. நியோவிம் இந்த விஷயத்தில் மேல், அதற்கென்று ஒரு இடம் முன்பே குறித்து வைத்திருக்கிறது, ஃபோல்டர் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும்.

இன்னொரு ஆப்ஷன் அண்டூலெவல்ஸ், எத்தனை மாற்றம் வரை நினைவில் வைப்பது என்று. இயல்பாக 1000. ஒரு ஃபைலை வாரக்கணக்கில் திருத்துகிறவர்களுக்கு அது குறைவு, 10000 என்று வைத்துக்கொள்வதில் இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பாரமும் இல்லை. பெரிய ஃபைல் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக இதை மைனஸ் 1 என்று வைக்கும் கான்ஃபிக் துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, மைனஸ் 1 என்றால் அண்டூவே கிடையாது. யாரிடமிருந்தாவது கான்ஃபிக்கை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அந்த வரி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, ஓட்டைகள். முதலாவது, ஃபைல் விம்முக்கு வெளியே மாறினால் மரம் செல்லாது. விம் மரத்தைச் சேமிக்கும்போது ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஒரு ஹாஷ், அதாவது கைரேகை போன்ற ஒரு எண், கணக்கிட்டு அதையும் சேர்த்து வைக்கும். அடுத்த முறை திறக்கும்போது ஹாஷ் பொருந்தவில்லை என்றால் மரத்தை ஏற்றாது. பொருந்தாத உரையின் மேல் பழைய மாற்றங்களைப் பிரயோகித்தால் ஃபைலே சிதைந்துவிடும் என்பதால் இது சரியான முடிவுதான். ஆனால் இயல்பான அமைப்பில் இது சத்தமில்லாமல் நடக்கிறது, அடுத்து நீங்கள் சேவ் செய்யும்போது பழைய மரத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். கோடின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் கிளை மாற்றினால், வேறு எடிட்டரில் ஒரு எழுத்துத் திருத்தினால், தானியங்கி ஃபார்மேட்டர் ஒன்று பின்னணியில் ஓடினால் போதும், இத்தனை நாள் வரலாறும் போய்விடும். ஒரு எச்சரிக்கை வரியாவது காட்டியிருக்கலாம். ஃபைல் விம்மில் திறந்திருக்கும்போதே வெளியே மாறி விம் அதை மறுபடி ஏற்றினால் நிலைமை பரவாயில்லை, 10000 வரிக்குக் குறைவான ஃபைலாக இருந்தால் ஏற்றும் முன் இருந்த உரை முழுவதையும் அண்டூவுக்காக வைத்துக்கொள்ளும். மாற்றியதெல்லாம் வேண்டாம், டிஸ்கில் இருப்பதையே திரும்பக் கொடு என்று கோலன் இ ஆச்சரியக்குறி கொடுப்போமே, அதையும் இதே காரணத்தால் யு அழுத்தித் திருப்பலாம். அண்டூவுக்கும் ஒரு அண்டூ என்பது இதுதான், இதை எல்லா மென்பொருளிலும் எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது, சேவ் செய்யாமல் வலுக்கட்டாயமாக வெளியேறினால், அதாவது கியூ ஆச்சரியக்குறி, எதுவும் மிஞ்சாது. மரம் டிஸ்குக்குப் போவது ஃபைல் சேவ் ஆகும்போது மட்டும்தான். கரண்ட் போனால், விம் பின்னணியில் எழுதி வைக்கும் ஸ்வாப் ஃபைல் காப்பாற்றும், நீங்களே வெளியேறினால் ஸ்வாப் ஃபைலும் நீக்கப்பட்டுவிடும். அது வேண்டாம் என்ற நோக்கத்தோடு கொடுக்கும் கட்டளை என்பதால் குறை சொல்ல முடியாது, ஆனால் விரல் பழக்கத்தில் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது எழுத்தாளர்களுக்கானது. எழுதுவதற்கான இன்செர்ட் நிலையில் நுழைந்து, அதில் இருந்து வெளியே வர எஸ்கேப் அழுத்தும் வரை நீங்கள் தட்டியது எல்லாம் ஒரே மாற்றமாகக் கணக்கு. நடுவில் அம்புக்குறி விசையால் நகர்ந்தால் அங்கே உடையும், இல்லாவிட்டால் அரைப் பக்கம் எழுதியிருந்தாலும் ஒரு யு-வில் மொத்தமும் போய்விடும். கன்ட்ரோல் ஆர் போட்டால் திரும்ப வரும், அதில் பயமில்லை. பயம் இன்செர்ட் நிலைக்குள்ளேயே கன்ட்ரோல் யு அழுத்துவதில்தான். அது அந்த வரியில் தட்டியதை எல்லாம் அழித்துவிடும், அந்த அழிப்பும் அதே ஒரு மாற்றத்துக்குள் அடங்கிவிடுவதால் யு போட்டாலும் அழிந்த வரி தனியாகத் திரும்பாது. கன்ட்ரோல் ஜி, பிறகு யு என்ற சேர்க்கை அந்த இடத்தில் மாற்றத்தை இரண்டாக உடைக்கும். விம் 8.0 முதல் கான்ஃபிக் ஃபைல் இல்லாதவர்களுக்கு விம்மே ஏற்றும் இயல்பு அமைப்பில் கன்ட்ரோல் யு-வுக்கு முன்னால் இந்த உடைப்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்கென்று ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதிய கணமே அந்த இயல்பு அமைப்பு ஏறாது, நீங்கள்தான் மறுபடி சேர்க்க வேண்டும். நான் புள்ளி, கமா, கேள்விக்குறி ஆகியவற்றுக்கும் இந்த உடைப்பை இணைத்து வைத்திருக்கிறேன், அதனால் ஒரு யு-வுக்கு ஒரு வாக்கியத் துண்டு மட்டும் போகிறது. உரைநடை எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான ஒரு அமைப்பு விம்மில் இல்லை என்று சொல்வேன்.

பெரிய யு பற்றி இரண்டு வார்த்தை. அது கடைசியாகத் திருத்திய வரியில் செய்த மாற்றங்களை ஒட்டுமொத்தமாகத் திருப்பும், கேப்ஸ் லாக் தெரியாமல் போட்டிருந்தால் குழப்பிவிடும், ஆனால் அதையும் சின்ன யு அழுத்தித் திருப்பலாம். உரையைத் தேர்வு செய்த நிலையில் சின்ன யு அழுத்தினால் அண்டூ ஆகாது, ஆங்கில எழுத்தெல்லாம் சின்ன எழுத்தாகும். தமிழ் உரையில் ஒன்றும் நடக்காது, அதனால் அண்டூ வேலை செய்யவில்லை என்று தோன்றும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒரு சங்கடம்: கீபோர்டு தமிழ் முறையிலேயே இருந்தால் இந்தக் கட்டளை எதுவும் விம்முக்குப் புரியாது, எஸ்கேப் அழுத்தியதும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், டெர்மினல்கள் பலவற்றில் தமிழ் எழுத்து ஒழுங்காகவும் தெரிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அண்டூ ஃபைலில் நீங்கள் நீக்கியதும் இருக்கும். பாஸ்வேர்டை ஒரு ஃபைலில் ஒட்டிவிட்டு உடனே அழித்தாலும், சேவ் செய்திருந்தால் அது அந்த அண்டூ ஃபோல்டருக்குள் இருக்கிறது. விம் இந்த ஃபைல்களைத் தானாக ஒருபோதும் நீக்காது. அதனால் அந்த ஃபோல்டரை மற்றவர்கள் படிக்க முடியாதபடி அனுமதி வையுங்கள், ரகசியங்கள் வைக்கும் ஃபைல்களுக்கு மட்டும் அண்டூஃபைலை மூடி வையுங்கள், பழையவற்றை அவ்வப்போது நீக்குங்கள்.

மற்றவர்கள் எப்படி? ஈமேக்ஸ் என்ற எடிட்டர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே அண்டூ செய்வதும் ஒரு மாற்றமாகவே பதிவாகும், அதனால் அண்டூவை அண்டூ செய்து எந்தப் பழைய நிலைக்கும் போகலாம், எதுவும் வெட்டப்படுவதில்லை. கொள்கையளவில் மிக அழகு, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். 2022-ல் வந்த 28-ம் பதிப்பில்தான் தனி ரீடூ கட்டளை சேர்ந்தது. மூடினால் வரலாறு போய்விடும், வைத்துக்கொள்ளத் தனிப் பேக்கேஜ் வேண்டும். விஎஸ் கோட் எடிட்டரில் அண்டூ பழைய ஒற்றைக் கோடுதான், ஆனால் 2022 மார்ச்சில் 1.66 பதிப்போடு லோக்கல் ஹிஸ்டரி வந்தது, ஒவ்வொரு சேவுக்கும் ஒரு பிரதி எடுத்து ஃபைலுக்கு 50 வரை வைத்திருக்கும். கிட் வைத்திருக்கிறார்களோ இல்லையோ எல்லோருக்கும் தானாக இயங்குகிறது, விம் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான். 256 கேபிக்கு மேற்பட்ட ஃபைலை அது விட்டுவிடும் என்பதையும், சேவ் செய்யாத இடைநிலைகள் அதில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் ஹிஸ்டரி பேனலின் ஆப்ஷன்களுக்குள் நான்-லீனியர் ஹிஸ்டரி என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் பின்னால் போய் வேறு ஒன்று செய்தாலும் பழைய நிலைகள் அழியாது, இயல்பாக அது மூடியிருக்கிறது.

எக்செல் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. திறந்திருக்கும் எல்லா ஒர்க்புக்குக்கும் சேர்த்து ஒரே அண்டூ வரிசை, ஒன்றில் நின்று கன்ட்ரோல் இசட்டை அழுத்திக்கொண்டே போனால் இன்னொன்றில் செய்த மாற்றமும் திரும்பும். போதாததற்கு, தாளில் எதையாவது மாற்றும் ஒரு மேக்ரோவை ஓட்டினால் அதுவரை இருந்த அண்டூ முழுவதும் காலி. பணக் கணக்குகள் ஓடுகிற ஒரு மென்பொருளில் இது இருக்கவே கூடாது. மேக்ரோ ஓட்டும் முன் சேவ் செய்து ஒரு பிரதி எடுத்து வைப்பதைத் தவிர அங்கே வேறு வழி இல்லை.

ஆன்லைன் எடிட்டர்களில் சிக்கல் வேறு மாதிரி. அவை தானாகச் சேவ் செய்கின்றன, அதனால் தவறுதலாக முப்பது தடவை அண்டூ அழுத்தினால் அந்த நிலையும் உடனே சேவ் ஆகிவிடும், அப்படியே டேபை மூடினால் ரீடூவும் இல்லை. கூகுள் டாக்ஸில் பதிப்பு வரலாறு இருப்பதால் தப்பிக்கலாம். பிரவுசரில் இருக்கும் சாதாரண எழுத்துப் பெட்டிகளில் அதுவும் இல்லை, பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் அந்தப் பெட்டியின் உள்ளடக்கத்தைத் தொட்டாலே அண்டூ வரிசை அறுந்துபோகும், நீளமாக எழுதுவதை அங்கே எழுதாதீர்கள்.

கிட்டிலும் இதே பாடுதான். கமிட் செய்ததை, அதாவது கிட்டில் பதிந்து வைத்ததை, எவ்வளவு குழப்பினாலும் ரெஃப்லாக் என்ற அதன் பதிவேட்டில் தேடி எடுத்துவிடலாம், கிளைகளில் இல்லாமல் போன கமிட்டைக்கூட இயல்பாக 30 நாள் அது மறக்காது. ஆனால் 2019-ல் வந்த ரிஸ்டோர் கட்டளையும் ரீசெட் ஹார்டும் கமிட் செய்யாத மாற்றங்களைக் கேள்வி கேட்காமல் அழிக்கும், எடிட்டர்களில் இருக்கும் டிஸ்கார்ட் பொத்தானும் அவற்றை அழிப்பதுதான். விம்மில் அந்த ஃபைல் திறந்திருந்தால், வெளியே கிட் அழித்ததை விம் மறுபடி ஏற்றிய பிறகும் யு அழுத்தி மீட்டுவிடலாம். மூடியிருந்தால் முடியாது, மேலே சொன்ன ஹாஷ்தான் காரணம்.

ஆக, விம்மில் ஏற்கெனவே இருப்பவர்கள் இன்றே அண்டூஃபைலைத் திறந்து, ஃபோல்டரை உருவாக்கி, அண்டூட்ரீயைப் போட்டுக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். இதற்காக மட்டும் விம்முக்கு மாறச் சொல்ல மாட்டேன், அது பெரிய மாற்றம். இருக்கும் எடிட்டரிலேயே பழைய நிலையைப் பார்க்க வேண்டும் என்றால், அண்டூ அழுத்தும் முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி சேவ் செய்துவிட்டு, அந்தப் பிரதியில் பின்னால் போய்த் தேவையானதை எடுங்கள். உங்கள் எடிட்டர் எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஒரு வெற்று ஃபைலில் சோதித்துப் பார்க்கலாம்: மூன்று வரி எழுதி, இரண்டை அண்டூ செய்து, ஒரு எழுத்துத் தட்டி, மெனுவைத் திறந்து ரீடூ இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.